போணிக் கணக்கு

கண்ணனுடைய முதுகு சிரித்துக்கொண்டிருந்தது. முதுகு எப்படிச் சிரிக்கும் என்று யாராவது கேட்டால் சிவசைலத்திடம் பதில் இல்லை, ஆனால் மூன்று மாதமாக அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு அது தெரியாமல் போகுமா, நீலக்கட்டம் போட்ட சட்டைக்குள் தோள் இரண்டும் லேசாக ஏறி இறங்குவதும், கீபோர்டில் எதையோ படபடவென்று தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொடுக்கிக்கொள்வதும், எல்லாம் சிரிப்புதான். கீழே போட்டோவுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார்கள். கீச்சென்று ஓர் இழுப்பு, பிறகு டக்கென்று ஓர் உடைப்பு. பாளையங்கோட்டையின் இந்த மேல்மாடிக்கு அவன் வந்த நாளிலிருந்து கேட்கிற சத்தம்தான், இதைக் கேட்டுக்கொண்டே மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கண்ணயர்ந்திருக்கிறான், இன்றைக்கு மட்டும் பல்லுக்கு இடையில் வந்து நிற்கிறது. கண்ணன் பக்கம் பார்க்கக் கூடாது என்று காலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முடிவு செய்திருந்தான். முடிவு செய்தவன் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணன் திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் ஓடின, நடுநடுவே பச்சையாக ஒரு வரி வந்தது, பச்சை வந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம், ஒவ்வொரு பச்சையையும் சிவசைலம் எண்ணிக்கொண்டிருந்தான். சிவப்பு வராதா என்று பார்த்தான். ஒன்றே ஒன்று வந்தால் போதும், மனசு கொஞ்சம் ஆறும், உடனே எழுந்துபோய், என்ன கண்ணா மாட்டிக்கிச்சா, கொஞ்சம் தள்ளு பாப்போம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். வரவில்லை. பச்சை, மறுபடி பச்சை. இந்த வேலையெல்லாம் மூன்று மாதத்துக்கு முன்னால் வரை சிவசைலம் செய்த வேலை.

வேலை என்று பார்த்தால் பெரிய வேலை ஒன்றுமில்லை. முப்பிடாதி அண்ணாச்சி கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர், அண்டா, சருவம், தாம்பாளம், சாம்பார் வாளி, ஜமுக்காளம் வரைக்கும். வீட்டில் இருந்தபடியே செல்போனில் பார்த்து எத்தனை அண்டா வேண்டும் என்று சொல்லிவிடுகிற மாதிரி அவருக்கு ஓர் இணையதளம். படம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, வாடகை போட்டாகிவிட்டது, வாடிக்கையாளர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே வருகிற பக்கமும் தயார். ஆனால் அதற்கு ஞாபகம் என்பது கிடையாது. யார் பெயர் கொடுத்தாலும் வாங்க வாங்க என்று கூப்பிடும், சர்வரை ஒருதரம் நிறுத்தி எழுப்பினால் நீங்க யாரு என்று கேட்கும். சிவசைலத்தின் மனைவி ஆவுடையின் பெரியமாமா ஒருத்தர் அப்படித்தான், மண்டப வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் படிப்பு வரை விசாரிப்பார், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்ததும் தம்பி எந்த ஊரு என்பார். அந்த மறதியைப் போக்குவதற்குத்தான் கணக்குகளை டேட்டாபேசோடு இணைக்க வேண்டும். ஆட்களுக்கு ஓர் அட்டவணை, ஆர்டர்களுக்கு ஓர் அட்டவணை, பாத்திரங்களுக்கு ஒன்று, திரும்பி வந்ததற்கு ஒன்று. ஆட்களின் அட்டவணையில் ஒருவருக்கு என்ன எண் விழுகிறதோ அந்த எண்தான் மற்ற எல்லா அட்டவணைகளுக்கும் போகும், அதை வைத்துத்தான் இந்த அண்டா இன்னார் வீட்டுக்குப் போனது என்று தெரியும். ரிலேஷனல், அதாவது உறவுமுறை, என்று அதற்குப் பெயர் வைத்தவன் சம்பந்திச் சண்டை பார்த்தவனாக இருக்க வேண்டும் என்று சிவசைலம் முன்பெல்லாம் சொல்லுவான், கம்பெனி முதலாளி காந்திமதி மேடம் சிரிப்பார், அதே பகடியை மறுபடி சொன்னாலும் சிரிப்பார். கண்ணன் வந்த முதல் வாரம் அவனிடமும் சொன்னான். கண்ணன், ஆமா அண்ணாச்சி, அதுலயும் வீட்டோட மாப்பிள்ள மாதிரி சில டேபிள் இருக்கும், எங்கயும் ஒட்டாது என்றான். மேடம் அதற்குச் சிரித்த சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. அதற்குப் பிறகு சிவசைலம் அந்தப் பகடியைச் சொல்வதில்லை.

அண்ணாச்சி என்கிறான், அது ஒன்று. முப்பிடாதி அண்ணாச்சி என்றால் அறுபது வயது, தலைப்பாகை போட்டால் பொருந்தும். சிவசைலத்துக்கும் கண்ணனுக்கும் வித்தியாசம் இரண்டு வயதுகூட இல்லை. பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, அம்மாவுக்கு முட்டுவலி என்று ஊரோடு வந்துவிட்டான், முழுப்பெயர் தாமரைக்கண்ணன், வந்த அன்றே அம்மா செய்தது என்று முந்திரிக்கொத்து கொண்டுவந்து மேஜை மேஜையாகக் கொடுத்தான், சிவசைலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு தின்றான், நன்றாக இருந்தது, நன்றாக இருந்ததுதான் எரிச்சல். அண்ணாச்சி, வாரியளா டீ குடிக்க. அண்ணாச்சி, இத ஒருதரம் பாத்துச் சொல்லுங்க. மரியாதை கொடுத்துக் கொடுத்தே ஆளை மூலையில் உட்கார வைத்துவிடலாம் என்பதைச் சிவசைலம் இந்த மூன்று மாதத்தில்தான் தெரிந்துகொண்டான். அதைவிட அந்த இன்னொன்று. மேடம் அவனை நீ என்கிறார். கண்ணா, நீ இதப் பாரு. கண்ணா, நீ சாப்ட்டியா. சிவசைலத்தை நீங்க என்றுதான் சொல்லுவார், ஒன்பது வருஷமாக, ஒருதரம்கூட மாறியதில்லை, சர்வர் படுத்துப்போய் ஒரு பள்ளிக்கூடத்துப் பரீட்சை முடிவு நின்றுபோன அன்றைக்குக்கூடக் கோபத்தில் நடுங்கிக்கொண்டே, சைலம், நீங்க இப்படிச் செய்யலாமா என்றுதான் கேட்டார். அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னவன் இவன். எங்க மேடம் கோவத்துலகூட வாங்க போங்கதான் என்று. இப்போது யோசித்தால் அது என்ன பெருமை, நீங்க என்பது வாசல்வரைக்கும் வந்து உட்காரச் சொல்கிற சொல், நீ என்பது அடுப்படிக்குள் கூப்பிடுகிற சொல். மூன்று மாதத்தில் ஒருத்தன் அடுப்படிக்குள் போய்விட்டான். இவன் இன்னும் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறான்.

மேடம் அந்த வேலையைப் பிரித்த விதம்கூட மரியாதையாகத்தான் இருந்தது. சைலம், இந்த லாகின் பக்கத்தக் கண்ணன்ட்ட குடுத்துருவோம், நீங்க பில்லு வர்ற பக்கத்தப் பாருங்க, என்ன என்றார். என்ன என்று கேட்டால் சரி என்றுதான் சொல்ல முடியும். பில் வருகிற பக்கத்தில் என்ன இருக்கிறது, கூட்டல் இருக்கிறது, ஓரத்தில் கடையின் முத்திரை இருக்கிறது, அதைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைத்தான், மறுபடி வலது பக்கம் தள்ளி வைத்தான். அது போகட்டும். வேலை போனால் போகிறது, புதிதாக வந்தவனுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும்தானே, அதற்காக அழுகிற ஆள் இல்லை அவன். விஷயம் வேலை இல்லை. விஷயம் போணி. கம்பெனி தொடங்கிய வருஷம் முதன்முதலில் செய்த இணையதளம் ஒரு ஜவுளிக்கடைக்கு, அன்றைக்கு யார் பெயரில் முதல் கணக்கு திறப்பது என்று பேச்சு வந்தபோது மேடம், நீங்களே போடுங்க சைலம், போணி ஒங்க கையால ஆகட்டும் என்றார். போட்டான். ஒன்றாம் எண், சிவசைலம். அந்தக் கடை அந்தத் தீபாவளிக்கு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. அப்புறம் எந்த வேலையானாலும் நிஜ டேட்டாபேசில் முதல் வரிசை அவன் பெயர்தான், பள்ளிக்கூடம், கண் ஆஸ்பத்திரி, மாவுமில், எதுவானாலும் நல்ல நேரம் பார்த்து, மேடம் ஒரு சூடம் ஏற்றி, அவன் கையால் பெயரை அடித்து, பாஸ்வேர்டு அடித்து, பட்டனை அமுக்குவான். பாளையங்கோட்டை, நெல்லை ஜங்ஷன், தூத்துக்குடி வரைக்கும் எத்தனையோ டேட்டாபேசுகளில் ஒன்றாம் எண் என்று அவன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குப் பிறகுதான் ஆயிரமாயிரம் பேர். பஸ்ஸில் போகும்போது அந்தக் கடைகளின் பலகையைப் பார்த்தால் உள்ளே நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வான். ஆவுடைதான் ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள், ஒங்க மேடத்துக்கு ஒங்க கைதான் வேணும் போல, தலையும் வேணும்னு எப்பவாச்சும் சொல்லியிருக்காவளா என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த வாய் சும்மா இருக்காது. ஆனால் கண்ணன் வந்த பிறகு அந்த வார்த்தை மீன்முள் மாதிரி உள்ளேயே நிற்கிறது. சரி, தலை கண்ணனுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும், கையாவது மிஞ்சட்டும் என்று இருந்தவனுக்கு நேற்று சாயங்காலம் கையும் போனது.

நேற்று சாயங்காலம் அவன் தண்ணீர் பிடிக்கப் போனான். மேடம் அறைக் கதவு சாத்தாமல் இருந்தது. கண்ணன் குரல், மொத அக்கவுண்ட நானே போட்டுருதேன் மேடம் என்றது. அதற்குமேல் கீழே கண்ணாடி கீச்சென்றது, அதற்குமேல் மேடம் சிரித்தார், அதற்குமேல் சரி கண்ணா, அப்படியே செஞ்சிரு என்றார். பாட்டில் நிரம்பி வழிந்து கால் நனைந்த பிறகுதான் குழாயை மூடினான். அப்படியே செஞ்சிரு. அவ்வளவு லேசாக. சோறு வைக்கட்டுமா என்று கேட்டால் வை என்று சொல்கிற மாதிரி. அவனிடம் ஒரு வார்த்தை, சைலம், இந்தத் தடவ கண்ணன் போடட்டுமே, என்ன என்று அந்த என்னவையாவது கேட்டிருக்கலாம். இரவெல்லாம் அந்த வார்த்தை புரண்டு படுத்தது, அவன் அசையாமல் படுத்திருந்தான். டேட்டாபேசில் நல் என்று ஒன்று உண்டு. இங்கிலீஷ் சொல்தான், ஆனால் காதில் நல்லது என்பதன் பாதி மாதிரி விழும். ஒரு கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் அது பூஜ்யம், அதுவும் ஒரு மதிப்பு, காலியாக எழுதினால் அது காலி, அதுவும் ஒரு மதிப்பு, நல் என்றால் அங்கே என்ன இருக்கிறது என்பதே தெரியாது, கேட்கவே இல்லை, யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதுதான். அவனைத் திட்டவில்லை, இறக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

கண்ணன் எழுந்தான். கழுத்தைச் சொடுக்கினான். முடிஞ்சுது அண்ணாச்சி, இணைச்சாச்சு, சைட்டு நிஜ டேட்டாபேஸ்லதான் ஓடுது, பத்தரைக்கு முப்பிடாதி அண்ணாச்சி வாராங்க, அதுக்குள்ள ஒரு டீ, வாரியளா என்றான். சிவசைலம் பில்லைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான், வரவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், பிறகு வருகிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். படியில் கண்ணனின் காலடி இறங்கிப் போனது, கடைக்காரரிடம் என்னமோ சொல்லிச் சிரித்தான், அவரிடமும் சிநேகம், ஒன்பது வருஷத்தில் சிவசைலம் அவர் பெயரைக் கேட்டதில்லை. இப்போது அறையில் யாரும் இல்லை. மேடம் உள்ளே போனில். காற்றாடி சுற்றியது. நிஜ டேட்டாபேஸ், இணைத்தாயிற்று, உள்ளே ஒருவரும் இல்லை, பெருக்கித் துடைத்துக் கோலம் போட்டு வைத்த மண்டபம் மாதிரி காலியாக இருக்கிறது, முதல் ஆள் யார் காலை வைக்கிறானோ அவன்தான் ஒன்று. சிவசைலம் நல்லவன்தான், அவன் பெரிதாக எதையும் திட்டம் போடவில்லை, அவன் விரல்தான் பாத்திரக்கடையின் பக்கத்தைத் திறந்தது, புதிய கணக்கு என்கிற இடத்தைத் தொட்டது, பெயர் என்கிற கட்டத்தில் சிவசைலம் என்று அடித்தது, ஒன்பது வருஷமாக எல்லாப் போணிக்கும் போடுகிற அதே பாஸ்வேர்டையும் அடித்தது. அமுக்கினான். ஒரு நொடி வட்டமாக எதுவோ சுற்றியது. வணக்கம் சிவசைலம், உங்கள் வாடிக்கையாளர் எண் 1. அந்த எண்ணைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று முப்பிடாதி அண்ணாச்சிதான் கேட்டிருந்தார், வாடகைக்குப் போகிற அண்டாவின் பக்கத்தில் அந்த எண்ணைத்தான் சாக்பீசால் எழுதி அனுப்புவார்களாம். எத்தனை அழகான எண். கம்பு மாதிரி நிமிர்ந்து நின்றது. உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது, நேற்றிலிருந்து உள்ளே நின்ற முள் இறங்கிவிட்டது, வாடா கண்ணா, வந்து போடு உன் போணியை, என்ன வருகிறதென்று பார்ப்போம், இரண்டு வரும்.

இரண்டு வரும். அங்கேதான் குளிர்ச்சி நின்றது. இரண்டு வந்தால் ஒன்று யார் என்று பார்ப்பார்கள், பார்த்தால் அவன் பெயர் இருக்கும், போட்ட நேரமும் பக்கத்திலேயே இருக்கும், மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்ப்பார், சைலம், நீங்க ஏன் இப்படிச் செய்தீங்க. அந்த நீங்க. அதைக் கேட்க முடியாது. படியில் யாரோ ஏறினார்கள், இல்லை, கீழே சட்டத்தை நகர்த்துகிறார்கள். கை வேர்த்தது, ராசியான கை. டேட்டாபேசுக்குள் நேராகப் போகிற வழி அவனுக்கும் கண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும், போனான், ஆட்களின் அட்டவணையைத் திறந்தான், ஒரே ஒரு வரிசை, அவன் வரிசை. பெயர் தெளிவாக இருந்தது, பாஸ்வேர்டு மட்டும் புரியாத எழுத்துக் கூட்டமாக இருந்தது, அது அப்படித்தான் இருக்கும், பாஸ்வேர்டை அப்படியே வைக்கக் கூடாது, அரைத்துத்தான் வைக்க வேண்டும், சட்னியைப் பார்த்துத் தேங்காயை எடுக்க முடியாது. மனுஷனுக்கும் அப்படி ஒரு வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், உள்ளே இருப்பதையெல்லாம் யாரும் படிக்க முடியாதபடி அரைத்து வைத்துவிடலாம். கண்ணன் படித்துவிடுவானோ. கண்ணன் அவன் முகத்தை என்றைக்காவது பார்த்திருக்கிறானா, அவன்தான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே. அழி. அழித்தான். ஒரு வரிசை நீக்கப்பட்டது என்று வந்தது. அட்டவணை மறுபடி காலி. மண்டபம் மறுபடி பெருக்கித் துடைத்தாயிற்று. அவன் போனதும் இல்லை, வந்ததும் இல்லை. மூச்சு வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான், பில்லின் முத்திரையை நடுவில் கொண்டுவந்து வைத்தான், நடுவில் நன்றாகத்தான் இருந்தது. போட்டுக்கொள்ளட்டும். தாமரைக்கண்ணன், எண் ஒன்று. எழுதி அனுப்பட்டும் எல்லா அண்டாவிலும். அவன் அம்மாவுக்கு முட்டுவலி, அவன் நல்ல பிள்ளை, எல்லாரும் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

பத்தரைக்கு முப்பிடாதி அண்ணாச்சி வந்தார், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு பொட்டலம் அல்வா. மேடம் அறையின் பெரிய திரைக்கு முன்னால் நாலு நாற்காலி. சூடம் மணந்தது. சைலம், நீங்களும் வாங்க என்றார் மேடம், நீங்களும் என்றால் கூட ஒருத்தர், அல்வாவுக்கு ஒருத்தர். சிவசைலம் கதவோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். கண்ணன் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு புதிய கணக்கு என்பதைத் தொட்டான், பெயர் என்கிற கட்டத்தில் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னியது. சி என்று விழுந்தது. தா அல்லவா வர வேண்டும், தவறாகத் தட்டிவிட்டானா. வ. சை. சிவசைலத்துக்குக் காது அடைத்தது. ல. ம். கண்ணன் திரும்பிப் பார்த்து, நேத்தே மேடம்ட்ட சொல்லிட்டேன் அண்ணாச்சி, மொத அக்கவுண்ட நானே போட்டுருதேன், அண்ணாச்சி பேர்ல, அவியளுக்கு முன்கூட்டியே தெரியாண்டாம்னு என்றான். மேடம் சிரித்தார், நேற்றைய அதே சிரிப்பு. ஒரு கண்ணாடிச் சத்தத்துக்குள் விழுந்துபோன இரண்டு சொல். அண்ணாச்சி பேர்ல. மேடம் சொன்னார், பேரு கண்ணன் அடிச்சாலும் பாஸ்வேர்டு ஒங்க கையாலதான், வாங்க சைலம், நேரம் போகுது. கீபோர்டு அவன் மடிக்கு வந்தது. சந்தோஷம் வந்தது, உண்மையாகவே வந்தது, விரல் பழக்கத்தில் பாஸ்வேர்டை அடித்து முடித்தது, பட்டனுக்குப் போகிற வழியில் நின்றது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷமாகத் தெரிந்த விஷயம், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அவன் சொல்லிக்கொடுக்கிற விஷயம், ஆளை அழித்தாலும் எண் திரும்பி வராது. டேட்டாபேஸ் ஒருதரம் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான், அந்த ஆள் இல்லாமல் போனாலும் அடுத்தவனுக்கு அந்த எண்ணைத் தராது, அடுத்த எண்ணைத்தான் தரும். ஒன்று போய்விட்டது. காலையிலேயே போய்விட்டது, அவனே கொடுத்து அவனே அழித்தாயிற்று. எழுந்து போய்விடலாமா, வயிற்று வலி என்று சொல்லலாமா, கரண்ட் போகாதா, வேண்டாத நேரத்திலெல்லாம் போகிற கரண்ட். அமுக்குங்க சைலம் என்றார் மேடம். அமுக்கினான். வட்டம் சுற்றியது. வணக்கம் சிவசைலம், உங்கள் வாடிக்கையாளர் எண் 2.

முப்பிடாதி அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார்.

"ரெண்டுல்லா போட்டிருக்கு. ஒண்ணு யாரு?"

கண்ணன் கீபோர்டை வாங்கி அந்தக் கறுப்புத் திரையைத் திறந்தான், ஆட்களின் அட்டவணை, ஒரே வரிசை, இரண்டாம் எண். ஒன்றாம் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பெங்களூரில் இருந்தவனுக்கு இது தெரியாதா, ஒருத்தன் வந்திருக்கிறான், பெயர் கொடுத்திருக்கிறான், அழித்துவிட்டுப் போயிருக்கிறான், அந்த வழி தெரிந்தவர்கள் இரண்டே பேர். கண்ணன் மெல்லத் திரும்பினான். மூன்று மாதத்தில் அவன் முகத்தைச் சிவசைலம் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அது சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு இருந்தது, அம்மாவுக்கு இரவில் தைலம் தேய்க்கிறவனின் கறுப்பு. முப்பிடாதி அண்ணாச்சி, மொத நம்பரே காணாமப் போச்சா, போணியே அழிஞ்சிருச்சா என்று மேடத்தைக் கேட்டார், கோபமாகக் கேட்கவில்லை, பயந்து கேட்டார். கண்ணன் மேடம் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அது நாந்தான் மேடம். காலைல ஒண்ணு போட்டுப் பாத்துட்டு அழிச்சேன். நம்பரு போகும்னு யோசிக்கல. தப்பு எம்மேலதான்."

"விடு கண்ணா" என்றார் மேடம். "நீ வேணும்னேவா செஞ்ச? விடு."

தப்பித்தோம் என்று சிவசைலத்தின் மனசு ஒரு பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். விட வந்தது, பாதியில் நின்றது. விடு கண்ணா. நீ வேணும்னேவா செஞ்ச? தப்பு செய்தவனுக்குக்கூட நீ, தப்பு செய்ததற்காகவே இன்னும் கொஞ்சம் கனிவான நீ, மேடம் கை அவன் தோளில் போய்த் தட்டிவிட்டு வந்தது. வேலையை எடுத்துக்கொண்டான், பகடியை எடுத்துக்கொண்டான், போணியைக்கூட எடுத்து அழகாகத் திருப்பிக் கொடுத்தான், கொடுக்கிறவன் கை எப்போதும் மேலேதானே இருக்கிறது, இப்போது இந்தத் தப்பையும் எடுத்துக்கொள்கிறான். இது எவனுடைய தப்பு. இரவெல்லாம் தூங்காமல், பச்சையை எண்ணி, கை வேர்த்து, ஒருத்தன் பாடுபட்டுச் செய்த தப்பு, அதில் கண்ணனுக்கு என்ன பங்கு இருக்கிறது. ஒன்றாம் எண்ணில் இருந்தது சிவசைலம். அரை மணி நேரம்கூட இருக்கவில்லை, ஆனாலும் இருந்தது சிவசைலம்தான். அதை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். யோக்கியதைக்காகப் பேசினான் என்று பிற்பாடு முப்பிடாதி அண்ணாச்சி நாலு பேரிடம் சொல்லக்கூடும். யோக்கியதையும் இல்லை, ஒன்றும் இல்லை, வயிற்றெரிச்சல்தான் எழுந்து நின்று பேசியது.

"இல்ல மேடம். அந்த ஒண்ணு நான்தான். காலைல நான்தான் போட்டேன், நான்தான் அழிச்சேன். கண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது."

காந்திமதி மேடம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றவில்லை. நேற்றிலிருந்து முதல்தடவையாக அவனை முழுசாகப் பார்த்தார், நெற்றியிலிருந்து கைவரைக்கும், கையில் வந்து கண் கொஞ்சம் நின்றது. கோபம் இருந்தால் அவனும் பதிலுக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அது இல்லை. தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டி வேறு யாரோ திறந்தால் ஒரு முகம் வருமே, அந்த முகம்.

"நீயா?" என்றார். "சைலம், நீயா?"

கண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே கீச்சென்று ஓர் இழுப்பு கேட்டது. சிவசைலம் அந்த டக்குக்காகக் காத்திருந்தான், வந்ததும் தலையை ஆட்டினான்.